கொக்கி போட்ட கதவைத் திறந்து வந்தவள்

எங்கள் அனல்மின் நிலையக் குடியிருப்பின் மனமகிழ் மன்றத்தில், ஆண்டு விழா நாளன்று மாலை நான்கு மணிக்குத் தொடங்கிய நாடகத்தின் கடைசிக் காட்சியில், அம்மா வேஷம் போட்ட குமுதவல்லி கொக்கியை நீக்கி "வா வெளியே, எல்லாரும் போயாச்சு" என்று சொன்னதும், ஒட்டுப்பலகையில் செய்து பச்சைப் பெயின்ட் அடித்து மேடையின் பின்சுவரோடு சேர்த்து ஆணியடித்திருந்த அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வெளியே வந்தாள். கசங்கிய பாவாடை, இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை, வெளிச்சத்துக்குக் கூசிய கண்கள். நாங்கள் கை தட்டினோம். நாடகத்தை எழுதி இயக்கிய கொதிகலன் பிரிவு ஃபோர்மேன் தேவசகாயம் மட்டும் தட்டவில்லை. அவர் எழுதிய நாடகத்தில் அந்தக் கதவு திறப்பதே இல்லை. குமுதவல்லி அந்த வசனத்தைச் சொன்னவுடன் திரை விழ வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளி கிடையாது, செங்கல் சுவர்தான் உண்டு. திரை விழுந்தபின் அவர் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். அது சுவராகத்தான் இருந்தது. பிள்ளை அதற்குள் குமுதவல்லியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, பசிக்குது" என்றாள்.

"வா" என்று குமுதவல்லி அவளைக் கூட்டிக்கொண்டு சி பிளாக்கில் இருந்த தன் வீட்டுக்குப் போனாள். அவள் மகள் பூங்கோதை, அரங்கத்தின் நான்காவது வரிசையிலிருந்து எழுந்து, அந்த இருவருக்கும் பத்தடி பின்னால் நடந்து போனாள்.

அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'விருந்தாளி வரும் நேரம்' என்று அதற்குப் பெயர். ஒரு வீட்டுக்கு யார் வந்தாலும், அந்த வீட்டு அம்மா தன் மகளைப் பின்னறையில் விட்டுக் கொக்கி போட்டுவிட்டு வந்தவர்களை உபசரிப்பாள். மகளை நாம் பார்ப்பதே இல்லை, அவளுக்குப் பேரும் இல்லை. அம்மா அவளை "ஏய்" என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு வருஷம் வேறு இரண்டு பெண்கள் அந்த அம்மாவாக நடித்துப் பார்த்தார்கள். முதலாமவள் ஒவ்வொரு தடவை கொக்கி போடும்போதும் அழுதாள். பார்த்தவர்களுக்கு அவள்மேல் இரக்கம் வந்து, நாடகம் செத்துப் போயிற்று. அடுத்தவள் பல்லைக் கடித்து, கண்ணை உருட்டிப் பூட்டினாள். முன்வரிசைக் குழந்தைகள் சிரித்தார்கள்.

மூன்றாவதாக வந்தவள் குமுதவல்லி. பண்டகசாலைப் பிரிவில் வேலை, கணவர் விபத்தில் போனபின் அவருக்குப் பதிலாகக் கிடைத்தது. நடிப்பு அவளுக்கு அதற்கும் முன்னாலிருந்தே இருந்தது. அவள் ஒத்திகையின் முதல் நாள் கேட்டாள்.

"அண்ணே, இவ எதுக்குப் பூட்டுறா?"

"கெட்டவம்மா. கெட்டவ, அதான் பூட்டுறா" என்றார் தேவசகாயம்.

"காலையில எந்திரிச்சுப் பால் காய்ச்சும்போது, நான் கெட்டவன்னு நெனச்சுக்கிட்டு யாராவது காய்ச்சுவாங்களா?"

அவள் தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தாள். பூட்டுவதற்கு முன் மகளுக்குச் சடை பின்னி விடுவதுபோல் காற்றில் பின்னினாள், ஒரு முடி பிசகாமல் பின்னினாள். உள்ளே சொம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்தாள். கதவைச் சாத்துவதுபோல் காட்டிக் கொக்கி போட்டு, அந்தப் பச்சைப் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்து, "பசிச்சாச் சொல்லு" என்றாள். பிறகு திரும்பி, விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இருந்தது என்னவென்று எங்களில் பெண்கள் எல்லோருக்கும் உடனே தெரிந்தது, ஆண்களுக்கு வீட்டுக்குப் போனபின் தெரிந்தது: வந்தவர்கள் தன்னைத் தாண்டித் தன் மகளைப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம், பெற்ற பிள்ளைமேல் பொறாமை. கதவைத் திறந்துகொண்டு வர ஒரு பிள்ளைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஒரு நிஜமான அம்மா வெளியே நிற்கிறாள், வந்துவிட்டாள். நாங்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

வந்த பிள்ளையை ஒரு குடியிருப்பில் வைத்துக்கொள்வதென்றால் அதற்கென்று நடைமுறைகள் இருக்கின்றன. நுழைவாயில் காவலர் அவளுக்கு அனுமதிச் சீட்டு எழுதும்போது 'வந்த இடம்' என்ற கட்டத்தில் 'மேடை' என்று எழுதினார். மன்றச் செயலாளர், கதவு மன்றத்துக்குச் சொந்தமானது, ஆகையால் பிள்ளையும் மன்றத்துக்குச் சொந்தம் என்று ஒரு கூட்டத்தில் வாதாடி, பெண்கள் போட்ட சத்தத்தில் உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனையில் அம்மைத் தடுப்பூசி போட்டார்கள். ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் யாராவது ஒரு கவுன், ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு டப்பா முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார்கள். அவளுக்கு ஒரே ஓர் அறையின் உள்பக்கம் மட்டுமே தெரிந்திருந்ததால், எங்கள் வாழ்நாளெல்லாம் நாங்கள் சபித்த சாம்பல்கூட, புகைபோக்கியிலிருந்து வந்து துவைத்த துணிமேலும் முருங்கை இலைமேலும் விழும் அந்தச் சாம்பல்கூட, அவளுக்கு அதிசயமாக இருந்தது. கையை நீட்டி நீட்டிப் பிடித்தாள். நாங்களும் பல வருஷத்துக்குப் பிறகு அண்ணாந்து பார்த்தோம்.

அவள் ஒரு கேள்வி கேட்பாள். சாப்பிடும்போதும் கேட்பாள், குளிக்கும்போதும் கேட்பாள். "அம்மா, ஏன் என்னைப் பூட்டினே?" குமுதவல்லி ஒவ்வொரு தடவையும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, குனிந்து, அவள் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், "தப்புத்தான் கண்ணு. இனிமே மாட்டேன்" என்பாள். அந்தக் கேள்வி பிளாக் பிளாக்காகப் பரவியது. ஓய்வுபெற ஆறு மாதம் இருந்த டர்பைன் இயக்குநர் ஒருவர் ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்குப் போன் போட்டு, "எட்டாவதுல என்னை ஏன் மாமா வீட்டுல விட்டே?" என்று கேட்டார். அம்மாக்கள் பிள்ளைகளின் அறைக்கதவைத் தட்டிவிட்டுத் திறக்கத் தொடங்கினார்கள். பூட்டு விற்கும் கடைக்காரர் பூட்டுகளை எடுத்து அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றிவிட்டு, கீழே பிளாஸ்டிக் வாளிகளை அடுக்கினார்.

ஒரு மாதத்தில் எல்லாம் பழகிவிட்டது. பூங்கோதைக்குத்தான் பழகவில்லை.

பூங்கோதைக்கு அப்போது இருபத்துமூன்று வயது. மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பதைத் தவிர அதிகம் பேசமாட்டாள். அவள் தன் அம்மாவிடம் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. இப்போது தினமும் காலையில், தான் டிபன் கட்டிக்கொண்டிருக்கும்போது, அம்மா தரையில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, கால்மணி நேரம் எடுத்துச் சடை பின்னுவதைப் பார்த்தாள். தன் தலையை அம்மா பின்னியபோது சீப்பு மண்டையில் பட்டுப் பட்டு இழுத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

பள்ளியில் சேர்க்கும் நாளன்று பூங்கோதையும் கூடப் போயிருந்தாள். தலைமை ஆசிரியை ரெஜினா டீச்சர் பேனாவைத் திறந்து, "பேர் என்னம்மா?" என்றார்.

"ஏய்" என்றாள் பிள்ளை, பணிவாக.

டீச்சர் தேவசகாயத்துக்குப் போன் போட்டார். "நான் பேர் எழுதலையே டீச்சர்" என்றார் அவர்.

"நித்யகல்யாணி" என்றாள் குமுதவல்லி, கண நேரம்கூட யோசிக்காமல். "நித்யகல்யாணின்னு எழுதுங்க டீச்சர். மூத்தவளுக்கு இந்தப் பேரைத்தான் முதல்ல வைக்கணும்னு ஆசைப்பட்டேன், அவங்க அப்பா வீட்டுல விடல. அவங்க பாட்டி பேரு பூங்கோதைன்னு அதையே வெச்சாங்க."

பூங்கோதை சுவரில் இருந்த இந்திய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்துமூன்று வருஷமாகத் தான் தூக்கிச் சுமந்த பேர், தன் அம்மா கேட்காத பேர் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கேட்ட பேர் எங்கோ பத்திரமாக வைக்கப்பட்டு, நேற்று ஒரு பலகைக்குப் பின்னாலிருந்து வந்தவளுக்குப் போயிருக்கிறது. அன்று சாயங்காலம் நித்யகல்யாணியின் சிவப்பு ரிப்பனை எடுத்துப் பரணில் பழைய குக்கருக்குள் போட்டு மூடினாள். மறுநாள் அவளுக்கு வைத்த தோசையில் ஒன்றைக் குறைத்தாள். சின்னச் சின்னதாகச் செய்தாள், செய்யும்போது வெட்கப்பட்டாள், வெட்கப்பட்டதற்காக இன்னும் கொஞ்சம் செய்தாள்.

ஒருநாள் இருவரும் மாடியில் துணி எடுக்கும்போது சொல்லியே விட்டாள். "நீ நிஜமில்ல, தெரியுமா?"

"தெரியும்க்கா" என்றாள் நித்யகல்யாணி, ஒரு பெட்ஷீட்டின் சாம்பலை உதறிக்கொண்டே. "ஆனா அம்மா என்னைப் பாக்குறப்ப நிஜமாப் பாக்குறாங்கல்ல?"

பூங்கோதை துணிகளை வாரிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் எல்லா மின்நிலையக் குடியிருப்புகளுக்குமான நாடகப் போட்டி எங்கள் மன்றத்தில் நடப்பதாக அறிவிப்பு வந்தது. ஒத்திகை தொடங்கியது. குமுதவல்லியால் கொக்கி போட முடியவில்லை. கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை, நித்யகல்யாணி எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். இருந்தும் கொக்கியைத் தொட்டதும் குமுதவல்லியின் விரல் நின்றுவிடும்.

"நீங்க பூட்டுறது பூட்டுற மாதிரியே இல்லையேம்மா. சாமி படத்துக்குப் பூ வைக்கிற மாதிரி இருக்கு" என்றார் தேவசகாயம்.

"நான் நல்ல அம்மாவா ஆயிட்டேன்ணே" என்றாள் குமுதவல்லி. பெருமையா வருத்தமா என்று சொல்ல முடியாத குரல் அது. "அந்தப் பூட்டுறவ எனக்குள்ள இல்ல. போயிட்டா."

போட்டிக்கு எட்டு நாள் இருந்தது. தேவசகாயம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது, தன் அம்மாவைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றிருந்த பூங்கோதை, "நான் பண்ணட்டுமா?" என்றாள்.

மருந்து ஜன்னலுக்கு வெளியே அவள் குரலைப் பலர் அன்றுதான் கேட்டார்கள். வசனம் முழுக்கத் தெரியும் என்றாள். அம்மா வீட்டில் சொல்லிப் பார்த்ததை அடுத்த அறையில் படுத்துக்கொண்டு கேட்டது. மேடையில் ஏறினாள். அவள் சடை பின்னுவதுபோல் காட்டவில்லை, தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கதவைச் சாத்தினாள், கொக்கியைப் போட்டாள், போட்டுவிட்டு அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து அப்படியே நின்றுவிட்டாள். விருந்தாளிகளாக நடித்தவர்கள் கூடத்தில் காத்திருந்து பார்த்து, வேறு வழியில்லாமல் அவளைத் தேடிக் கதவடிக்கு வந்தார்கள். அங்கேயே நின்றபடி அவர்களுக்குக் காபி கொடுத்தாள், அங்கேயே நின்றபடி சிரித்தாள். உள்ளே இருப்பவளை ஒரு நிமிஷம் விட்டுவிட்டு நகர முடியாத ஒருத்தி. பூட்டியவளும் அந்தக் கதவில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். தேவசகாயம் எழுதாத அம்மா அவள். அவர் எழுந்து நின்று பார்த்தார். குமுதவல்லியும் பார்த்தாள், ஆனால் உட்கார்ந்தே இருந்தாள்.

"பிள்ளை இருக்கிறப்ப கதவுக்குப் பின்னால எதுக்குக் காலியா வெக்கணும்?" என்று தேவசகாயம்தான் முதலில் கேட்டார். நாங்களும் அதையே நினைத்தோம். நித்யகல்யாணி, "நான் போறேன், எனக்குப் பழகின இடம்தானே" என்று உடனே ஒத்துக்கொண்டாள். அங்கே சுவர் இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை.

போட்டியன்று காலையில் சி பிளாக்கில் நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டிருக்கிறாள். அவள் வழியாக எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அவளை உள்ள விட்டுக் கொக்கி போடாதே" என்றாள் குமுதவல்லி.

"நாடகம்தானேம்மா."

"அது எந்த மாதிரி நாடகம்னு எனக்குத் தெரியும். நான் கொக்கி போட்டவ."

"யாருக்குப் போட்டே?"

குமுதவல்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூங்கோதை விடவில்லை. "அஞ்சாவது படிக்கும்போது ஆண்டு விழாவுல நான் குருவியா நடிச்சேன். நல்லா இருக்குன்னு மறுவாரம் பெரிய அதிகாரிங்க முன்னாடி திரும்ப நடிக்கக் கூப்பிட்டாங்க. எனக்கு இளைப்புன்னு சொல்லிட்டு, என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டு நீ மட்டும் போனே. சொல்லும்மா, எனக்கு அன்னிக்கு இளைப்பு இருந்துச்சா?"

குமுதவல்லி அடுப்பை அணைத்தாள். "இல்ல."

"அப்புறம்?"

"ஆண்டு விழா அன்னிக்கு நானும் நடிச்சிருந்தேன். முடிஞ்சு கீழ இறங்கி வந்தா, எல்லாரும் உன்னைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க. என்னைத் தாண்டித் தாண்டிப் போறாங்க. பெத்த பிள்ளைமேல பொறாமை வருமான்னு கேக்காதே. வந்துச்சு."

பதிமூன்று வருஷமாக ஒரு மன்னிப்புக்காகக் காத்திருந்ததாகத்தான் பூங்கோதை நினைத்திருந்தாள். வந்தது மன்னிப்பு இல்லை. ஆனால் நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று புரண்டு படுத்தது. "எனக்கும் அவமேல வருதும்மா" என்றாள்.

"தெரியும். ரிப்பனைக் குக்கருக்குள்ள பாத்தேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"என்னன்னு கேப்பேன்? யாருகிட்டயிருந்து உனக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

மாலை நான்கு மணிக்கு மணி அடித்தது. மூன்று நடுவர்கள், பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள், நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் சேர்ந்து மன்றம் புழுங்கியது. நித்யகல்யாணி பூங்கோதையின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு வந்தாள், எங்களைப் பார்த்தாள், கதவுக்குள் போனாள். செங்கல் சுவர் அவளுக்கு இடம் கொடுத்தது. பூங்கோதை கதவைச் சாத்திக் கொக்கியைக் கையில் எடுத்தாள். முதல் வரிசையில் குமுதவல்லி எழுந்து நின்றுவிட்டாள். அந்த இடத்தில் தனக்கு என்ன தோன்றியது என்று பூங்கோதை பிற்பாடு எங்களிடம் மறைக்காமல் சொன்னாள்: இவள் திரும்பி வராமலே போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அந்த நினைப்போடுதான் கொக்கியைப் போட்டாள். போட்ட சத்தம் சின்னச் சத்தம்தான். கடைசி வரிசையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டது.

பிறகு ஐம்பது நிமிஷம் அவள் அந்தக் கதவை விட்டு நகரவில்லை. நாங்கள் யாரும் நகரவில்லை.

கடைசியில் கொக்கியை நீக்கி, "வா வெளியே, எல்லாரும் போயாச்சு" என்றாள். கதவு திறந்தது. வெளியே வந்தவளுக்கு வயது இருபத்துமூன்று இருக்கும். பூங்கோதையைவிட ஓர் அங்குலம் உயரம், நன்றாக வளர்ந்த தோள்கள், தலையைத் தானே வாரி எடுத்துக் கட்டியிருந்தாள். நாங்கள் ஐம்பது நிமிஷம் என்று நினைத்தது உள்ளே பதினான்கு வருஷமாக ஓடியிருக்கிறது. அவள் கண் கூசவில்லை. எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி முதல் வரிசைக்கு வந்து, "அம்மா, நான் கெளம்புறேன்" என்றாள்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயேன்" என்றாள் குமுதவல்லி.

"இல்லம்மா, அஞ்சே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கணும்."

நுழைவாயிலில் காவலர் அவளுடைய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்பது வயது என்று இருந்தது. கடைசியில் 'வளர்ந்துவிட்டார்' என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வெளியே விட்டார். ரெஜினா டீச்சர் நான்காம் வகுப்பு மாற்றுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் பஸ் ஜன்னல் வழியாகக் கொடுத்தார். பிற்பாடு அவள் ஒசூர்ப் பக்கம் ஒரு பூந்தோட்டத்தில் வேலை பார்ப்பதாகச் செய்தி வந்தது. நாங்கள் அதையும் கேட்டுக்கொண்டோம்.

குமுதவல்லி பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை, பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். அதைப் பார்க்கவும் பூங்கோதைக்கு எரிந்தது. விட்டுப் போனவளுக்கு இவ்வளவு கண்ணீர். போகாமலே கூட இருப்பவளுக்கு? அவளுக்குத்தான் சிறந்த நடிப்புக்கான கேடயம் கொடுத்திருந்தார்கள். அது சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், மேல் காகிதம்கூடப் பிரிக்காமல் கிடந்தது.

பதினோராம் நாள் குமுதவல்லி முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு, அந்தக் காகிதத்தைப் பிரித்துக் கேடயத்தைப் பார்த்தாள். வேறு ஐந்து குடியிருப்புகளிலிருந்து நாடகத்துக்கு அழைப்பு வந்திருந்தது.

"இனிமே நானே பண்றேன்" என்றாள். "இப்ப என்னால கொக்கி போட முடியும். அவ போனதும் எல்லாம் திரும்பி வந்துடுச்சு."

"முடியாதும்மா" என்றாள் பூங்கோதை. "அது என் வேஷம்."

"நீ அந்தக் காபி கொடுக்கிற இடத்துல அவசரப்படுறடி."

"இருக்கட்டும். நான் அவசரப்பட்டுக்கிறேன்."

குமுதவல்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சண்டை வரும் என்று பக்கத்து வீட்டுக்காரி சுவரில் காதை வைத்திருந்தாள்; வரவில்லை. "எந்த ஊர்ல முதல்ல?" என்று மட்டும் கேட்டாள் குமுதவல்லி.

ஐந்து ஊருக்கும் அவள் கூட வந்தாள். அங்கெல்லாம் கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை, எழுதியபடியே கடைசி வசனத்தோடு திரை விழும். ஒவ்வொரு ஊரிலும் முதல் வரிசையில், நடு நாற்காலியில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தாடை இறுகியிருக்கும், கண் இமைக்காது. பூங்கோதை பேசப் பேச அவள் உதடுகளும் சத்தமில்லாமல் அதே வசனத்தைச் சொல்லும், சில இடங்களில் அரை நொடி முந்திக்கொண்டு சொல்லும். நாங்கள் அவளுடைய எரிச்சலைப் பார்ப்பதா மேடையைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்போம். அந்த முகத்திலிருந்த பொறாமையைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்கள் பயந்தார்கள். பூங்கோதை பயப்படவில்லை. மேடை விளக்குகளின் கூசலையும் தாண்டி அந்த இரண்டு கண்கள் மட்டும் அவளுக்குத் தெரிந்தன; தன்மேலேயே பதிந்து, ஒரு நிமிஷம்கூட வேறு எங்கும் போகாத கண்கள்.

ஐந்தாவது ஊரில், கடைசிக் காட்சியில், கொக்கியில் கை வைத்த பூங்கோதை வசனத்தைச் சொல்லாமல் நிறுத்தினாள். மறந்துவிட்டாள் என்று தேவசகாயம் ஓரத்தில் பதறினார். அவள் மறக்கவில்லை. முதல் வரிசையில் குமுதவல்லியின் உதடுகள் "வா" என்று குவிந்து, மகளின் வாயிலிருந்து சொல் வராததால் மேலே போக முடியாமல், அப்படியே நின்றன. பூங்கோதை அவளைப் பார்த்துக்கொண்டே, மூச்சை இழுத்துவிட்டு, அம்மாவை இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்க வைத்தாள்.